பச்சை ஆப்பே இருக்கட்டும்

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

வீட்டு வேலையை எழுதி வைக்க ஃபோன்ல மூணு ஆப் மாத்திப் பார்த்தாச்சு. குழாய் மட்டும் ஒழுகிட்டேதான் இருக்கு. ஏன்னு இப்ப பல் தேய்க்கும்போதுதான் புரிஞ்சுது. நீங்க ஒரு வேலையைப் படிச்சதுமே டிக் பண்றீங்க. நான் அந்த டிக்கைப் பார்த்து, வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்துடறேன். இதுக்கா நேத்து அவ்வளவு கத்தினோம்!

நீங்க சொன்ன பச்சை ஆப்பே இருக்கட்டும். ஆனா முடிச்சாதான் டிக். ப்ளம்பருக்கு நானே மெசேஜ் போட்டுட்டேன், பத்து மணிக்கு வர்றாராம். குழாய்க்கு அடியில இருக்கற வாளியை நகர்த்தி வைங்க.

இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன்: ‘நேத்து சண்டை’ன்னு ஆப்ல போட்டு டிக் பண்ணியிருக்கேன். படிச்சதுக்கு இல்ல, முடிச்சதுக்கு.