பேனா மாற்றி எழுதிய நோட்டு

இரவு ஊசி போட இன்சுலின் டப்பாவைத் திறந்தேன். அடியில் உன் கறுப்புப் பேனா கிடந்தது. மூடியின் முனையில் நீ கடித்த பல் தடம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். செல்போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

நாளை ஆஸ்பத்திரித் தேதி. இரண்டு வருடமாக அந்தத் தேதிகளில்தான் நாம் பார்த்துக்கொண்டோம். நான் அலங்காநல்லூரிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வருவேன். நீ கோரிப்பாளையத்திலிருந்து உன் அத்தாவோடு நடந்தே வந்து, சுகர் உள்ள பிள்ளைகள் உட்காரும் நீள பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். அத்தா டீ குடிக்கப் போவார், அம்மா சீட்டு வரிசைக்குப் போவாள். உடனே நம் வேலை தொடங்கும். தினமும் விரலில் குத்திப் பார்த்து எழுதவேண்டிய சுகர் நோட்டை, ஒரு மாதத்துக்கும் சேர்த்து அங்கேயே எழுதி முடிப்போம்.

"ஒரே பேனாவுல எழுதாதடி, டாக்டரம்மா கண்டுபிடிச்சிருவாங்க. நாலு நாள் ஊதா, ரெண்டு நாள் கறுப்பு" என்று இந்தப் பேனாவைக் கொடுத்தாய். நான் எல்லா நாளும் நூற்றுப்பத்து என்று போட்டதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாய். "இம்புட்டு நல்லா இருந்தா நம்ம எதுக்குடி இங்க வாரோம்? நடுவுல ஒரு எரநூறு போடு. கல்யாண வீட்டுல தின்னுட்டேன்னு சொல்லிக்கிரலாம்."

முந்நூறு என்று எழுதினால் திட்டு விழும். என் அப்பா, "படிச்சது போதும், வீட்டுல கெட" என்பார். நூற்றுப்பத்துக்கு டாக்டரம்மா "வெரி குட்" என்பார். பரீட்சை மாதிரிதான் எழுதினோம். அது நம் உடம்பு என்பதே மறந்துபோனது.

போன ஆவணியில் உன் நோட்டில் காலைக் கட்டங்களில் நாம் இஷ்டத்துக்குப் போட்டிருந்த எழுபதுகளைப் பார்த்த டாக்டரம்மா, "காலையில ரொம்பக் கம்மியா இருக்கே" என்று உன் இரவு ஊசியின் அளவைக் குறைத்தார். நீ தலையாட்டிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டாய். பத்து நாள் கழித்துப் போன் பண்ணினாய்.

"ஏய், முந்நூறுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குதுடி. தண்ணியா குடிக்கிறேன். போயி உண்மையச் சொல்லிரவா?"

"வேணாம்டி. நீ மாட்டுனா என்னயும் நோண்டுவாங்க. அடுத்த தேதியில பாத்துக்கிரலாம்."

நான் சொன்னது அதுதான். அடுத்த தேதிக்கு நீ வரவில்லை.

வாந்தி எடுத்தாயாம். மூச்சு வாங்கியதாம். கடைப் பரோட்டா சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்தார்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது உனக்கு நினைவே இல்லையாம்.

உன்னை அடக்கம் பண்ணிய மறுநாள் உன் வீட்டுக்கு வந்தபோது அத்தா அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். "பாரும்மா, எம்புட்டு ஒழுங்கா எழுதி வச்சிருக்கு எம் புள்ள. ஒரு நா விடல. பெறகு எப்படிம்மா?" அந்தப் பக்கத்தில் பாதி எண்கள் நான் சொல்லி நீ எழுதியவை. நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன்.

இப்போது குத்திப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினெட்டு. நாக்கு வறள்கிறது. அது சுகரா பயமா தெரியவில்லை. மெஷினில் பதிந்திருக்கும் உண்மையான எண்களைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டேன், எல்லாம் உன் பேனாவால். குத்திப் பார்க்காத நாட்களின் கட்டங்களை வெறுமனே விட்டிருக்கிறேன். அவைதான் நிறைய.

நாளை அப்பாவும் வருகிறார். அவர் முன்னால்தான் நோட்டை நீட்டவேண்டும். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டரம்மா கேட்டால் உன்னைப் பற்றியும் சொல்லவேண்டிவரும். கோபித்துக்கொள்ளாதே. அத்தாவிடம் சொல்ல மட்டும் இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை.

நீ கேட்டபோது "சொல்லிரு" என்று சொல்லாத வாய் இது. நாளை அப்பா எப்படி முறைத்தாலும் இந்தப் பேனாவைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, உன் பல் தடத்தை விரலால் தடவிக்கொண்டே சொல்லிவிடுவேன்.