கம்பெனி மதிலுக்குள் கிடக்கும் முப்பத்தொரு கல்லறைகள்

அனுப்புநர்:
ம. யேசுதாஸ் (வயது 63), கொத்தனார்,
சவேரியார் குடியிருப்பு, முசரவாக்கம் அருகில்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: மூடப்பட்ட வெளிநாட்டுக் கம்பெனியின் மதிலுக்குள் அகப்பட்டுள்ள எங்கள் கல்லறைகளை, புதிய கம்பெனி பள்ளம் தோண்டுவதற்கு முன் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பது தொடர்பாக.

பார்வை: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எனக்கு வந்த பதில்: "மேற்படி புல எண்ணில் மயானம் எதுவும் இருந்ததாகப் பதிவேடுகளில் இல்லை."

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இந்த மனுவை என் கையால் எழுதுகிறேன். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவரிடம் கொடுத்தால், என்மேல் தப்பு வரும் இடங்களை எனக்காக இரக்கப்பட்டு விட்டுவிடுவார். அந்த இடங்கள்தான் இந்த மனுவே. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. எங்கள் குடியிருப்பில் நாற்பத்தாறு வீடுகள். எங்கள் அப்பன் பாட்டன் யாருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊரார் வயலில் வேலை செய்தார்கள். செத்தால் புதைக்க மட்டும் ஒற்றைப் பனைமரத்துக்குப் பக்கத்தில் புறம்போக்கில் ஒரு துண்டு இடம் இருந்தது. அதற்குப் பட்டாவும் இல்லை, பதிவும் இல்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அதில் பத்தொன்பது பேருக்குச் சிமெண்ட் சிலுவை வார்த்து நட்டவன் நான். கூலி வாங்கியதில்லை.

3. அந்தப் பத்தொன்பதில் ஒன்று என் மகள் ஷாரோனுடையது. 2007ஆம் ஆண்டு டெங்கு காய்ச்சலில் போனாள். எட்டு வயது. என் மனைவி சம்பூர்ணம் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டம்மா ஜெயம்மாள், தறியில் பழுதாகி வெட்டிப்போட்ட, ஜரிகைக் கரை வைத்த அரக்குப் பட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பாவாடையாகச் சுற்றித்தான் குழந்தையைப் பெட்டியில் வைத்தோம். உயிரோடு இருந்தபோது அவள் பட்டு கட்டியதில்லை.

4. 2009இல் வெளிநாட்டுக் கம்பெனி வரப்போகிறது என்றார்கள். கார்களுக்கு உள்ளே போகும் ஒயர் தயாரிக்கும் கம்பெனி. எண்ணூறு பேருக்கு வேலை என்றார்கள். ஐயா, எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வார்டு மெம்பராக இருந்த பூவராகவன் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். அவர் நல்ல மனிதர், இப்போது உயிரோடு இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யேசு, நாளைக்கு வெள்ளைக்காரங்க எடம் பாக்க வராங்கபா. சுடுகாட்டைப் பாத்தா அப்டியே திரும்பி ஆந்திராவுக்குப் பூடுவாங்க. ரெண்டே நாளு. போட்டோ எடுத்துகினு போனதும் திரும்ப நட்டுக்கலாம்."

5. அன்று சாயங்காலமே நாங்கள் எட்டுப் பேர் கடப்பாரையோடு போனோம். யாரும் எங்களை மிரட்டவில்லை. யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. நட்டவனுக்குத்தான் எவ்வளவு ஆழம் என்று தெரியும் என்பதால் பத்தொன்பதையும் நானே பெயர்த்தேன். மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, மேலே காய்ந்த புல்லைத் தூவினோம். சிலுவைகளை என் வீட்டுப் பின்பக்கம் சாக்குப் போட்டு மூடி வைத்தேன்.

6. மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். எங்கள் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். பெரியவராக வந்தவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினோம். அவர் நின்றது என் மகளின் தலைமாட்டில். அங்கேயே வைத்துப் போட்டோ எடுத்தார்கள். செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது, இணைத்திருக்கிறேன். மாலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்பவன் நான். அன்றே "இவ்விடத்தில் கல்லறை எதுவும் இல்லை, ஆட்சேபணை இல்லை" என்று ஊரார் எழுதிக் கொடுத்த தாளில் முதல் கையெழுத்தும் என்னுடையது. ஆகவே பார்வையில் கண்ட பதிலின்மேல் எனக்குப் புகார் இல்லை. பதிவேட்டில் நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

7. அந்த வாரமே கம்பி வேலி வந்துவிட்டது. சிலுவையைத் திரும்ப நட முடியவில்லை. கல்லறையே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கல்லறைக்கு வழி கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

8. பிறகு மதில் கட்டும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நானும் போனேன். கிழக்கு மதிலில் ஷாரோனுக்கு நேராக வரும் இடத்தில் ஏழு செங்கல்லை மட்டும் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் வைத்துக் கட்டினேன். மேஸ்திரி பார்த்துத் திட்டினார், கை தவறிவிட்டது என்றேன். முப்பது வருஷத்தில் என் கை தவறியதே இல்லை. அன்று முதல் ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, எங்கள் குடியிருப்பே அந்த ஏழு செங்கல்லுக்கு வெளியே சாலையோரம் நின்று மெழுகுவத்தி ஏற்றுகிறது. லாரி போகும் காற்றில் அது நிற்பதில்லை.

9. கம்பெனி வந்ததால் நன்மை ஒன்றும் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஓட்டு வீடுகள் தளம் போட்ட வீடுகளாயின. என் மகன் கமல் பதினோரு வருஷம் அங்கே வேலை செய்தான், கடைசிவரை காண்ட்ராக்ட் ஆளாக. கிழக்கு மூலையில் புல்தரை போட்டு, கம்பெனி பெயரை வெளிநாட்டுச் செடியால் எழுதியிருந்தார்களாம். சாப்பாட்டு நேரத்தில் கமல் அங்கே போய்க் கை கழுவுவதுபோல் பாட்டில் தண்ணீரைத் தங்கைமேல் ஊற்றிவிட்டு வருவான். அது ஒன்றுதான் எங்களுக்கு இருந்த ஆறுதல்.

10. வரிச் சலுகை முடிந்த மறுவருஷமே கம்பெனி கிளம்பிவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் கமலையும் இன்னும் பன்னிரண்டு பேரையும் வேலை செய்யச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். கையை மட்டும் எடுத்தார்கள், முகம் வேண்டாம் என்றார்கள். விருதுக்கு என்று நினைத்து என் மகன் அன்றைக்கு நகம் வெட்டிக்கொண்டு போனான். அந்தக் கைகளைப் பார்த்து இன்னொரு நாட்டுப் பிள்ளைகள், இவர்களைவிடக் குறைந்த கூலிக்கு, அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. அங்கேயும் என்னைப்போல் ஒருவன் எதையோ பெயர்த்துச் சாக்குப் போட்டு மூடியிருப்பான்.

11. கதவு பூட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு நான் ஏறாத படி இல்லை. கம்பெனி அவர்கள் நாட்டில், கம்பெனிச் சொத்துமேல் உள்ள வழக்கு வேறொரு நாட்டில், செக்யூரிட்டி மட்டும் இங்கே. அந்தத் தம்பி, "உள்ளார யாரையும் வுடக்கூடாதுன்னு ஆர்டர், பெரியவரே. எனக்கே யாரு மொதலாளின்னு தெரியல" என்கிறான். பாவம், அவன் என்ன செய்வான்.

12. இப்போது அதே இடத்துக்கு வேறொரு நாட்டுக் கம்பெனி வருகிறது. நவம்பர் 14ஆம் தேதி பூமி பூஜை. கிழக்கு மூலையில் பதினெட்டு அடி ஆழத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. செங்கல் குத்துவாக்கில் இருக்கும் இடத்தைச் சேர்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். நாங்கள் புதைப்பது ஆறு அடி, ஐயா.

13. ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னேன். யாரும் கையெழுத்துப் போடவில்லை. சிலுவை பெயர்க்க வந்தவர்களில் நான்கு பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கமல் அன்று வீட்டுக்கு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நைனா, இப்ப நீ இதைக் கெளப்புனா இந்தக் கம்பெனியும் பூடும். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. பாப்பா செத்துப்போனவ, நைனா." என் மகன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் கடப்பாரை எடுத்ததும் இதே கணக்கில்தான். இப்போது அவன் என்னிடம் பேசுவதில்லை.

14. ஆகவே கம்பெனி வருவதைத் தடுக்க நான் இந்த மனுவைக் கொடுக்கவில்லை. வரட்டும். இருக்கும்வரை இருக்கட்டும். கேட்பது இவ்வளவுதான்:

(அ) பள்ளம் தோண்டுவதற்கு முன் ஒரே ஒரு நாள் கதவைத் திறந்துவிட வேண்டும். முப்பத்தொரு பேரையும் எடுத்து ஏரிக்கரைப் பக்கம் வைத்துக்கொள்கிறோம். ஆள் வராவிட்டால் நான் ஒருவனே தோண்டுவேன். யார் எங்கே என்பது வெட்டிய பனைமரத்தின் அடிக்கட்டையிலிருந்து எத்தனை அடி என்று எனக்கு மனப்பாடம்.

(ஆ) அத்தனை பேருக்கும் முடியாது என்றால், குழந்தை ஒருத்தியை மட்டுமாவது எடுக்க விட வேண்டும். மற்ற முப்பது பேரின் வீட்டாரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

(இ) அதுவும் முடியாது என்றால், இயந்திரம் தோண்டும் அன்று என்னையும் என் மனைவியையும் பக்கத்தில் நிற்க விட வேண்டும். அழ மாட்டோம், வேலைக்கு இடைஞ்சல் செய்ய மாட்டோம். அசல் ஜரிகை மண்ணில் மக்காது என்று ஜெயம்மாள் அம்மா சொல்கிறார்கள். வாரிக் கொட்டும் மண்ணில் அந்தக் கரை தெரிந்தால் சம்பூர்ணத்துக்கு அடையாளம் தெரிந்துவிடும். அந்த ஒரு கூடை மண்ணை மட்டும் கொடுத்தால் போதும்.

15. பொய்யாகக் கையெழுத்திட்டதற்கு என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதை மட்டும் நவம்பர் 14க்குப் பிறகு எடுக்க வேண்டுகிறேன்.

பணிந்து நிற்கும்,
(ஒப்பம்) ம. யேசுதாஸ்
(ஒப்பம்) யே. சம்பூர்ணம், மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் போட்டது

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 13.10.2025, திங்கட்கிழமை

இணைப்பு:
1. செய்தித்தாள் படம், நகல்.
2. முப்பத்தொரு பேரின் பெயரும் பனைமரத்திலிருந்து உள்ள தூரமும்.
3. சிமெண்ட் சிலுவை ஒன்று, பன்னிரண்டு கிலோ. "ஷாரோன் 1999–2007" என்று ஆணியால் கீறியிருக்கும். கல்லறை இருந்ததற்கு என்னிடம் உள்ள சாட்சி இதுதான் என்பதால் பஸ்ஸில் தூக்கி வந்தேன். பார்வையிட்டபின் திருப்பித் தர வேண்டுகிறேன். இதை இரண்டு நாளில் திரும்ப நட்டுவிடுவதாக அவள் அம்மாவிடம் சொல்லித்தான் பெயர்த்தேன்.