கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்

மாப்ள,

விரலில் தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஆசாரி வந்து கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார். காலையில் பார்த்தால் அது இறுகிக்கொண்டு நகரவில்லை. உன் வீட்டில் எந்தக் கீல் சத்தம் போட்டாலும் நீ தேடிப் போவது இந்த எண்ணெயைத்தானே. அதையே எடுத்துத் தாழ்ப்பாளில் விட்டேன், உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒரு கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல இன்னும் உன்னைத் தவிர வேறு ஆள் அமையவில்லை.

கே.கே. நகரிலிருந்து பசுமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஸ்கூட்டரில் போனோமே, அதை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கணக்கு வாத்தியார், வண்டி ஓட்டுவது என் வேலை. நீ வரலாற்று வாத்தியார், பின்னால் உட்கார்ந்து பைசாண்டியப் பேரரசைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவது உன் வேலை. அதே பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்த உன் தங்கச்சி, என் பெண்டாட்டி, பஸ்ஸில் வருவாள். "கல்யாணம் கட்டுனது என்னையா, எங்க அண்ணனையான்னு ஒருநா கேக்கத்தான் போறேன்" என்பாள். கேட்கவும் கேட்டாள். நாம் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினோம்.

ஹெல்மெட்டுக்குள் பாதிதான் காதில் விழும். மீதியைப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த டீக்கடையில் சொல்வாய். மேசையில் டீயைச் சிந்தி, விரலால் இழுத்து அந்தப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளை வரைவாய். "மூணு பக்கம் தண்ணி மாப்ள. தரைப்பக்கம் அகழி, ஒரு செவரு, அதுக்குள்ள இன்னொரு செவரு. எம்புட்டுப் பேரு வந்து முட்டுனாங்க, அந்தச் செவத்த ஒருத்தனால ஒடைக்க முடியல." சிலுவைப் போர் வீரர்கள் கடல் பக்கமாக ஏறி வந்து அந்த ஊரைச் சூறையாடியதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கிவிடும். "சிலுவையச் சட்டையில தச்சுக்கிட்டு வந்து கோயிலையே கொள்ளையடிச்சாங்க மாப்ள" என்பாய். உன் சொந்தச் சித்தப்பா திருடி மாட்டிக்கொண்ட மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வாய்.

அந்த ஊரின் கடைசி முற்றுகையை நீ வகுப்பில் நடத்தும்போது பக்கத்து அறையில் என் பையன்களும் கணக்கை விட்டுவிட்டுக் காதைத் தீட்டுவார்கள். துருக்கி சுல்தானின் பீரங்கி பகலெல்லாம் இடிக்கும். இருட்டியதும் ஊர்ச்சனம் ஆணும் பெண்ணுமாக வந்து இடிந்த இடத்தில் மண்ணும் மரமும் பீப்பாயும் வைத்து அடைக்கும். விடிந்தால் மறுபடி இடிக்கும். கடைசி நாளில் எல்லாரும் பெரிய வாசல்களைக் காவல் காத்துக்கொண்டிருக்க, ஒரு சின்னக் கதவைத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள் என்று சொல்லி நிறுத்துவாய். ஆயிரம் வருஷப் பேரரசு அந்தக் கதவோடு முடிந்துபோகும்.

நேற்று எனக்கு நடந்தது அதுதான், மாப்ள.

ஒத்தக்கடைக்கு வீடு மாறி வந்தபின் உன் தங்கச்சிக்கு மறதி முற்றிவிட்டது. நீ இருந்தபோது சாவியை எங்கே வைத்தாள் என்று தேடினாள். இப்போது சாவி எதற்கு என்று கேட்கிறாள். வாசலில் இரும்புக் கேட், அதற்கு ஒரு பூட்டு, கிரில் கதவுக்கு ஒரு பூட்டு என்று எல்லாம் செய்து வைத்திருந்தேன். மதியம் கொஞ்ச நேரம் கண் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் அவள் நாற்காலி காலி. டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாசல் பூட்டுகள் பூட்டியபடியே தொங்கின. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருக்கும் கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

பின்னால் காலி மனைகள், கருவேலம். அதைத் தாண்டினால் மேலூர் ரோடு. அந்த ரோட்டில் வண்டிகள் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். செருப்புப் போடாமல் ஓடினேன். முள் குத்தியது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. தூரத்தில் ஒரு லாரி பிரேக் போட்ட சத்தம் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்தச் சத்தம் எதற்கோ வந்தது, அவளுக்கு இல்லை.

பஸ் ஸ்டாப்பில் இருந்தாள். பழைய கைப்பை தோளில். பக்கத்தில் இளநீர்க் கடைக்கார அம்மா. "டீச்சரு பஸ்ஸு கேட்டாக. ரோட்டத் தாண்டப் போனாக, நாந்தேன் புடிச்சு ஒக்கார வச்சேன்" என்றார். அவரைக் கும்பிட்டுவிட்டு இவள் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையாகப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், பசுமலை பஸ்ஸு போயிருச்சா?" என்றாள்.

அதன்பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் ஆணி அடிக்க அடிக்க, நீ வகுப்பில் சொல்லாமல் என்னிடம் மட்டும் டீக்கடையில் சொன்னது ஞாபகம் வந்தது. "அந்தச் சின்னக் கதவ ஒரே ஒருத்தருதான் எழுதி வச்சிருக்காரு. அவரும் அங்கன இல்ல. கூட நின்னு பாத்தவங்க யாரும் அதச் சொல்லல. செவரு முன்னாலேயே இடிஞ்சு போச்சு மாப்ள. தோத்தவங்களுக்கு ஒரு கதவு வேணும். அத மூடியிருந்தாப் பொழச்சிருப்போம்னு நெனச்சுக்கலாம்ல." அப்புறம் ஏன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். "பயந்தாத்தான் மறக்க மாட்டாங்க" என்றாய்.

உன் தங்கச்சிக்கு இப்போது பயமே இல்லை. அவள் பங்கும் சேர்ந்து எனக்கு வந்துவிட்டது. கொல்லைக் கதவை யார் திறந்தது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவளா, பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணா, நானேவா. யார் திறந்திருந்தால் என்ன. அவள் என்னை சார் என்றது கதவு திறந்து கிடந்ததால் இல்லை.

இன்று காலை நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"யாரு வந்துருவாகன்னு இம்புட்டுப் பெரிய தாழ்ப்பா போட்ருக்கீக?"

"திருடன்தான்" என்றேன்.

சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு. "நம்ம வீட்டுல எடுத்துட்டுப் போக என்ன இருக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போய் மகள் போட்டோவுக்கு முன்னால் உட்காரவைத்தேன். நேற்றும் நான் சொல்லிக்கொடுத்த பெயர், அவள் நினைவில் மறுபடி இடிந்து போயிருந்தது. நீ சொன்ன அந்த ஊர்ச்சனத்தின் வேலைதான் இப்போது என் வேலை.

"இது கவிதா. நம்ம மக. பெங்களூருல இருக்கா" என்றேன்.

"கவிதா" என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நாளைக்கும் சொல்லவேண்டும்.