ஹெஸ்லப் அம்மா வீட்டுப் புகை

அன்புள்ள பெரில்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்தான், ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

மலைச்சரிவில் தனியாக இருக்கும் ஹெஸ்லப் அம்மா தன் வார்ப்பிரும்பு அடுப்பைக் கோடையிலும் அணைப்பதில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இரவும் பகலும் நிலக்கரி எரிக்கிறார். அதை மின்சாரத்துக்கு மாற்றித்தரத்தான் போனேன்.

“இந்தப் புகையால காத்தே கெடுதும்மா,” என்றேன்.

“கெடட்டும் தம்பி. எதிர்மலையில குடியிருக்கற நெட்டுங்கறவன் தினமும் காலையில இந்தப் புகையப் பாத்துத்தான் நான் உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கறான். உன் கரண்டு அவனுக்கு என்னத்தக் காட்டும்?”

சாமான்களை வண்டியில் ஏற்றினேன். வியாபாரமும் போயிற்று, புகையும் நிற்கப்போவதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. இந்த விடுதியில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. தினமும் காலையில் ஒரு தடவை போன் செய். நான் எடுக்காவிட்டால், எடுக்கும்வரை விடாதே.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் வில்ஃப்