கரிக்கோடு போட்ட கிண்ணம்

கோழியை அடைவைக்கக் கரிக்கோடு போட்டிருந்த முட்டைகளில் இரண்டை, ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி ஜெயசித்ராவுக்காக இளவரசன் நேற்று உடைத்துச் சமைத்துவிட்டான். "கரி போட்டதுன்னா பொறக்கப்போற உசுருக்குங்க. அதுல யாரும் கைவெக்கக் கூடாது" என்றதோடு சரி, அவள் பேசவுமில்லை, சாப்பிடவுமில்லை. காலையில் அவன் அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினான்.

"ஜெயா, இது கடை முட்டை. ஒன் கோழிக்கு வெச்சதத் தொடல. ஊறவெச்ச தட்டப்பயற வேகவெச்சு, வெங்காயம், கேரட்டு, முருங்கக்கீரை வதக்கி, ரெண்டு முட்டை ஊத்திக் கிளறியிருக்கேன். உப்பு கம்மியா இருந்தா வந்ததும் திட்டு, இப்ப சாப்பிடு. நர்ஸம்மா ஒன்னத்தான் சாப்பிடச் சொன்னாங்க, என்னய இல்ல. சாவி மாடத்துல இருக்கு."

எழுதி முடித்தும் மனம் கேட்கவில்லை. எதைச் செய்தாலும் பாதியை அவனுக்கென்று மூடிவைப்பவள் அவள். அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்துக் கிண்ணத்து மூடியில் ஒரு கோடு இழுத்தான். பிறகு தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினான்.

"எனக்குப் பாதி எடுத்து வெக்காத. மூடியில கரிக்கோடு போட்டிருக்கேன், பாரு. இனிமே இதுல நான்கூட கைவெக்க முடியாது."