திங்கட்கிழமை, ஏழரை முதல் ஒன்பது வரை

போர்கோ வெக்கியோ, பலேர்மோ
03.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் உன் முதலாளியும் சேர்ந்து உன்னைச் சாகடிக்கிறார்கள். நீ இரண்டு பேருக்கும் ஓம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

போனில் சொன்னால் "ஓம், ஓம், பாப்பம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமைக்கு முன் உன் கையில் கிடைக்கும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவின் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, இன்னும் வரவில்லை. க்வெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், நாலு மணித்தியாலம் நிற்க வைத்து, இன்னொரு கடதாசி வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வரிசையில் நின்ற எல்லோரிடமும் அம்மா உன் மலை வேலையைப் பற்றித்தான் பெருமையாகக் கதைத்தார்.

நான் துப்புரவு செய்யும் வீட்டுச் சின்யோரா, அந்த ஹோட்டல் வேலையை உனக்கு எடுத்துத் தந்தவர், நேற்று மலையிலிருந்து திரும்பினார். நான் யன்னல் துடைத்துக்கொண்டிருக்க, கூப்பிட்டு ஒரு வீடியோ காட்டினார். திங்கட்கிழமைகளில் நீ சாமான் சுமந்து போகும் மேல் விடுதியின் முற்றத்திலிருந்து எடுத்தது. வெயில், கோப்பி, சிரிப்பு. கீழே வெள்ளைச் சரிவின் நடுவில் ஒருவன் முதுகில் பெரிய சுமையோடு தனியே வருகிறான். "பொவெரீனோ, பாவம், எவ்வளவு பலசாலி" என்கிறது சின்யோராவின் குரல். இடது தோளைச் சரித்து நடக்கும் அந்த நடை எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை, பதினொன்று நாற்பது என்று வீடியோவில் இருந்தது.

அவருடைய மகனின் குரலும் கேட்டது. இந்த நேரத்திலா, அவனுக்கு யாரும் சொல்லவில்லையா என்றார். அவர்கள் விடிய ஐந்து மணிக்கே சரிவுக்குப் போய் ஒன்பதுக்குள் விடுதிக்குத் திரும்பிவிட்டார்கள். நான் துணியை வைத்துவிட்டு அந்த மகனிடமே போய்க் கேட்டேன், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று.

இரவில் இறுகிய பனி காலையில் கல் மாதிரி நிற்குமாம். வெயில் ஏறினால் உருகிய நீர் உள்ளே இறங்கி, அடியில் பிடி விட்டுப்போகும். பிறகு முழுச் சரிவும் ஈரச் சீமெந்து போல வழுக்கி இறங்கும். சப்பாத்து கணுக்காலுக்கு மேல் புதைந்தால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். இரவு முகில் மூடிப் பனி இறுகாவிட்டால், விடியக்காலையிலும் போகக் கூடாது. புதைந்தவனைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பெரும்பாலும் பிணம்தான். நெஞ்சில் கட்டும், சிக்னல் அனுப்பும் கருவி இருந்தால்தான் எங்கே தோண்டுவது என்று தெரியும். உன் ஹோட்டல் சுவரில் பன்னிரண்டு கருவிகள் தொங்குகின்றனவாம், விருந்தினருக்கு மட்டும். அவர்களுக்கு வைன் சுமப்பவனுக்கு ஒன்றும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் போனில் உன்னை உலுப்பித்தான் உண்மையை எடுத்தேன். ஏழரைவரை காலைச் சாப்பாடு பரிமாற முதலாளி உன்னைப் பிடித்து வைக்கிறான். சரி, பிறகு ஒன்பதுவரை காஸ் சிலிண்டர் அறையில் ஏன் குந்தியிருக்கிறாய் என்று கேட்டேன். கடைசியில், "அம்மா மெசேஜ் போட்டவா" என்றாய்.

ராகுகாலம்! பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் ராகுகாலம் கழியக் காத்திருந்திருக்கிறாய்.

அம்மாவோடு சண்டை பிடித்தேன். கலண்டர் யாழ்ப்பாணத்தில் அடித்தது, இங்கே ஏழரை என்றால் அங்கே பதினொன்று, ராகு எப்பவோ போய்விட்டார் என்றேன். "அவர் எங்கை எண்டாலும் ஏழரைக்குத்தான் வாறவர்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்கடை கொப்பர் திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு வெளிக்கிட்டவர்."

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது ராகு இல்லை, ஆட்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அதனால் அம்மாவைத் திருத்தும் வேலையை உன்னிடம் தரவில்லை. ஆறு மணிக்கு வெளிக்கிடு, ராகுவுக்கும் முன்னால், வெயிலுக்கும் முன்னால். காலைச் சாப்பாட்டை முதலாளியே பரிமாறட்டும். சுவரில் இருந்து இரண்டு கருவி எடு, ஒன்று உனக்கு, ஒன்று உன்னோடு பாத்திரம் கழுவும் கேசவனுக்கு. மண்வெட்டியும் கொண்டு போங்கள். ஒருவர் சரிவைக் கடக்கும்போது மற்றவர் நின்று பார்க்க வேண்டும். முதலாளி முடியாது என்றால் விட்டுவிட்டு வா, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன். கழுவுவதற்குப் பாத்திரம் பலேர்மோவிலும் இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்குள் அம்மா திருநீறு மடித்து வைக்கச் சொன்னார். என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. பூசிக்கொள்.

மூன்று தடவை இதையே மெசேஜில் கேட்டேன். பார்த்திருக்கிறாய், பதில் போடவில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிடுவாய்? வேறொன்றும் வேண்டாம், நேரத்தை மட்டும் எழுது.

உன் தங்கச்சி
துசானி