அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

பிப்ரவரி 3

பாசமுள்ள தம்பிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே அடுப்பு எரிகிறது, அப்பா மூச்சு விடுகிறார், நான் கத்துகிறேன். எல்லாம் வழக்கம்போலத்தான். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமா?

போன் பண்ணினால் எடுப்பதில்லை என்று குறைப்பட்டிருந்தாய். போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். மணி அடித்தாலே டிப்போவிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். பஸ் ஓட்டுவதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அவருக்கு இன்னும் டியூட்டி முடியவில்லை. அதனால் பழையபடி கடிதம்தான். உனக்கும் அதுதானே வசதி? 'வீட்டில் நடக்கிறதை எழுது அக்கா, பிரசங்கத்துக்கு உதவும்' என்று கேட்டவன் நீதானே.

சரி, இந்தத் தடவைக்கு இதை வைத்துக்கொள். இப்போதெல்லாம் மாத்திரை என்றாலே வாயை இறுக்க மூடிக்கொள்கிறார். திங்கட்கிழமை கட்டிலில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் நாற்காலியை அவருக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"டிரைவர் சார், வண்டி எப்போ எடுப்பீங்க?"

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு. நீங்க மாத்திரையைப் போட்டா கிளம்பிடலாம்."

வாயைத் திறந்துவிட்டார். அப்புறம் என்னை இறங்கவும் விடவில்லை. ஸ்டாப் வரவில்லையாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இன்னொரு விஷயம். அப்பாவைத் தூக்கித் தூக்கி எனக்கு அடிவயிற்றில் ஒரு வீக்கம். குடலிறக்கம் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் பண்ணியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் குடல் மாட்டிக்கொண்டு உயிருக்கே வினையாகிவிடும் என்று பயமுறுத்துகிறார். பண்ணின பிறகும் ஒரு மாதம் வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். அப்பாவை யார் தூக்குவது? நீ வந்து அந்த ஒரு மாதம் இருந்தால் போதும். எப்போது வருவாய் என்று எழுது. டாக்டருக்குத் தேதி சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 15

என் அன்பான அக்காவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் தேவ சமாதானம் உண்டாவதாக.

உன் கடிதம் வந்த வாரமே அந்த பஸ் கதையை ஆராதனையில் சொன்னேன். 'ஓடாத நம் வண்டியை விட்டு இறங்கு என்று ஆண்டவர் அதட்டுவதில்லை. பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு நம்மோடு உட்காருகிறார்' என்று முடித்தேன். சபையில் கண் துடைக்காதவர் இல்லை. 'ஐயா, உங்க பிரசங்கத்துல வீட்டுப் பாடம் வந்தாத்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை' என்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, நான் படித்த வேதாகமக் கல்லூரி சொல்லித்தராததை உன் சமையலறை சொல்லித்தருகிறது.

இன்னொரு சந்தோஷமான செய்தி. இந்தப் பாடங்களைப் புத்தகமாகப் போட சபை மூப்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் வெளியீடு. உனக்குத்தான் சமர்ப்பணம்.

உன் உடம்பைப் பற்றிப் படித்ததும் மனம் சங்கடப்பட்டது. உபவாசக் கூட்டத்தில் உனக்காக ஜெபித்தோம். இப்போது நான் நகர முடியாதபடி கூட்டங்களும் அச்சு வேலையும் கழுத்தை நெரிக்கின்றன. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆளாக ஒருவரை வை. செலவு முழுக்க என்னுடையது, நீ யோசிக்காதே.

ஜெபத்தில் உன்னை மறவாத,
தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

ஆள் வைத்தேன். முதல் ஆள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், கைப்பக்குவம் உள்ளவர். அப்பா அவரை டிக்கெட் எடுக்காமல் ஏறியவர் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். இரண்டாவது ஆள் பாவம், தாடையில் வாங்கிக்கொண்டு மத்தியானச் சோற்றுக்குக்கூட நிற்காமல் ஓடிவிட்டார். ஊரில் செய்தி பரவிவிட்டது. இனி ஒருத்தரும் வரமாட்டார்.

உன் சபைப் பெண்மணி ஒருவர் இங்கே உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர், விலாசம் விசாரித்து வந்து நின்றார். "நீங்கதான் அந்த அக்காவா!" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையில் அப்போது அப்பாவின் ஈரத்துணி இருந்தது. உள்ளே அப்பாவைப் பார்த்து நான் கத்திக்கொண்டிருந்தது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. அல்லது விழுந்தும் நம்பவில்லை. நீ அங்கே கட்டி வைத்திருக்கிற அக்கா அப்படி.

அந்த அக்காவைப் பற்றி நான் இது வரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். வியாழக்கிழமை அப்பாவை அடித்தேன்.

மூன்றாவது முறையாகப் படுக்கை நனைந்திருந்தது. மாற்றலாம் என்று தூக்கினால், கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு வரமாட்டேன் என்கிறார். எனக்கு அடிவயிற்றில் உயிர் போகிற வலி. முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி உதடு பிதுங்கி அழுதார். நான் சுவரோடு உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. மெல்ல நகர்ந்து வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா அழற? யார் உன்னை அடிச்சாங்க? சொல்லு, நான் போய்க் கேக்கறேன்."

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அது எனக்கே தெரிகிறது. ஆனால் அதை எடுக்க வேண்டியவள் நான், நீ இல்லை. எனக்கு இப்போது பாடம் வேண்டாம், ஆள் வேண்டும். அப்பா கைவைக்க விடுகிற இன்னொரு ஆள் நீயாகத்தான் இருக்க முடியும். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமலா போகும்? ஆபரேஷனுக்கு ஏப்ரல் இரண்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வந்து சேர்.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னை நீ குற்றப்படுத்திக்கொள்ளாதே. ஆண்டவர் உன் வலியை அறிவார்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும், ஆனாலும் மறைக்க மனமில்லை. கடிதம் சனிக்கிழமை வந்தது. மறுநாள் பிரசங்கத்துக்கு என் கையில் எதுவுமே இல்லை. மேடையில் நின்றபோது அதுதான் வாயில் வந்தது. உன் பெயரைச் சொல்லவில்லை, 'ஒரு மகள்' என்றுதான் சொன்னேன். அடித்த கையை மறந்து, அழுத முகத்தை மட்டும் பார்க்கிற தகப்பன். இதைவிட மன்னிப்பை எப்படி விளக்குவது அக்கா? பல வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் அன்று சபை வாசலில் கை கொடுத்துக்கொண்டன. பலன் இல்லாமல் போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புத்தக வெளியீடு ஏப்ரல் நான்காம் தேதி என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. டாக்டரிடம் பேசி ஆபரேஷனை இரண்டு வாரம் மட்டும் தள்ளிவைக்க முடியுமா? அதன்பிறகு எப்படியாவது ஒரு ஏற்பாடு செய்கிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 20

போதகர் அவர்களுக்கு,

ஊருக்குத்தான் உபதேசம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த உபதேசத்துக்கும் என் முதுகெலும்பைத்தான் உருவ வேண்டுமா?

'ஒரு மகள்' என்றாயாம். உன் சபையில் யாருக்குத் தெரியாது அந்த மகள் யார் என்று? அது போகட்டும். அடித்தவளை ஊர் தெரிந்துகொள்ளட்டும், எனக்கு மானம் பெரிதில்லை. அடிக்கும்படி ஆனது ஏன் என்று அந்த மேடையில் சொன்னாயா? அந்த மகளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், கூப்பிட்டால் வரமாட்டான் என்று சொன்னாயா? அந்தப் பாடத்தையும் சேர்த்தால் புத்தகம் நிறைவாக இருக்கும்.

ஆபரேஷனைத் தள்ளிவைக்கவில்லை. போன வாரம் ஒரு நாள் வலி தாங்காமல் சமையலறைத் தரையில் கிடந்தேன். அப்பா என்னைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார். எனக்கு ஏதாவது ஆனால் அவர் பட்டினி கிடந்தே போய்விடுவார் என்று அப்போது புரிந்தது.

முதியோர் இல்லத்தில் பேசிவிட்டேன். ஏப்ரல் முதல் தேதி காலையில் வண்டி வரும். எழுந்து நடமாடுகிறவர் என்பதால் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைப்போம், சம்மதமா என்று கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டிய மனுஷன். இதற்குமேல் எழுதினால் அழுதுவிடுவேன், அது உனக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகிவிடும்.

இனி கடிதம் எழுத மாட்டேன். பதிலும் வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உனக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எழுந்து உட்கார்ந்துவிட்டாய் என்று சொன்னார்கள். இந்த வீட்டில் நின்றபடியே ஸ்தோத்திரம் சொன்னேன்.

அன்று முதியோர் இல்லத்து வண்டிக்கு முன்னால் நான் வந்து நின்றபோது நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவசரமாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டதால் எதுவும் பேச முடியவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். கூட்டமும் அச்சு வேலையும் காரணமே இல்லை. அப்பா என்னைப் பார்த்து 'யார் நீ?' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான். உன் கடிதங்களில் அவர் என் அப்பாவாகவே இருந்தார், அதுவே எனக்குப் போதும் என்று இருந்துவிட்டேன். புத்தகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மூப்பர்களுக்குக் கோபம். இருக்கட்டும்.

நீ போன கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "புது ஆளா?" என்றார். நான் மகன் என்று சொல்லிப் பார்த்தேன். "மகனா? யாருக்கு?" என்றார். அடிக்கக் கை ஓங்குவதற்குள் "ஆமாங்க, புது ஆள்தான்" என்று சொல்லிவிட்டேன். கையை இறக்கிவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் ஒன்றும் சரியாக வரவில்லை. சவரம் பண்ணும்போது கன்னத்தில் கீறிவிட்டேன். படுக்கை விரிப்பை எந்தப் பக்கம் உருட்டி மாற்றுவது என்று தெரியாமல் அவரையும் நனைத்து நானும் நனைந்தேன். "உனக்கு யாருப்பா வேலை கத்துக்குடுத்தா?" என்று கேட்டார். இப்போது பரவாயில்லை. நீ ஒற்றையாளாக எப்படித் தூக்கினாய் என்றுதான் விளங்கவில்லை. எனக்கே இடுப்பு விட்டுப்போகிறது.

நேற்று சாயங்காலம் கால் கழுவித் துடைத்துப் படுக்க வைத்தேன். ஜெபம் பண்ணலாம் என்று வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "ஆண்டவரே, இந்தப் புது ஆளை ஆசீர்வதியும். வேலை ஒண்ணும் தெரியல. ஆனா ஓடிப்போகல."

அப்புறம் போர்வையை இழுத்து விட்டபோது என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான், தெரியுமா? பெரிய போதகர்."

"கேள்விப்பட்டிருக்கேங்க."

"அவனுக்கு நிறைய வேலை. பாவம். ஆனா வந்துடுவான்."

"வந்துடுவாருங்க."

தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கையை மெல்ல விடுவிக்கப் பார்த்தேன். பிடி இறுகியது.

"அவன் வர்ற வரைக்கும் நீ இருப்பியா?"

இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அக்கா. நீ அவசரப்பட்டு வராதே.

தம்பி